சுற்றுகிற வேகமே பிடிக்கிற பலம்

ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சமவெளிக்கு இறங்கும் ஒரு சின்னக் கார், ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தை இழக்கிறது. நான்கு பேரோடு சேர்த்து வண்டியின் எடை 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மேலே இருந்தபோது அதற்குள் சேர்ந்திருந்த ஆற்றல் சுமார் 69 லட்சம் ஜூல். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் முழுவதையும் கொதிக்க வைத்துவிட்டு, மேற்கொண்டு மூன்று லிட்டரையும் கொதிக்க வைக்க அது போதும். இரண்டாவது கியரில் இறங்கினால் இதில் பெரும்பங்கை எஞ்சினே வாங்கிக்கொள்ளும். கியரை மறந்து பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறவரின் வண்டியில் அத்தனை வெப்பமும் சக்கரங்களுக்குள்ளே, சில மில்லிமீட்டர் தடிமனுள்ள பட்டைகள் இரும்பில் உரசும் இடத்தில் பிறக்கிறது.

ஆம்பூர்க்காரர்களுக்கு ஏலகிரி பக்கத்து மலை. ஞாயிற்றுக்கிழமை போய் வருகிற கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். டிஸ்க்கை அலாய் வீலின் இடைவெளி வழியாகவே பார்த்துவிடலாம். டிரம் மூடிய சமாச்சாரம். டிரம்மில் உரசும் ஷூ தேய்ந்து அதை மாற்றுகிற நாளில்தான் உள்ளே என்ன நடக்கிறது என்பது வெளிச்சத்துக்கு வரும். மெக்கானிக் ஷெட்டில் அரை மணி நேரத்தில் முடிகிற வேலையை வீட்டு வாசலில் நிதானமாகச் செய்தால் ஒரு பொழுது போகும். அந்தப் பொழுது வீண் இல்லை.

வேலை தொடங்கும்போதே ஒரு வேடிக்கை. டிரம்மைக் கழற்ற வேண்டுமென்றால் ஹேண்ட் பிரேக்கை விடுவிக்க வேண்டும். அது ஷூவை டிரம்மோடு இறுக்கிப் பிடித்திருக்கும். ஆக, வண்டியை நிறுத்தி வைக்கும் கருவியைத் தளர்த்திவிட்டுத்தான் வண்டியைத் தூக்கப் போகிறோம். அதனால் சமதளமான தரை, முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை, முதல் கியர், ஜாக்கியில் தூக்கிய பிறகு அடியில் உறுதியான ஸ்டாண்ட். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. இதில் சமரசம் கிடையாது.

சக்கரம் வந்துவிடும். டிரம் வராது. துரு ஒரு காரணம். இன்னொரு காரணம் சுவையானது. ஷூவின் முதுகிலுள்ள லைனிங் டிரம்மின் உட்புறத்தில் ஒரு பட்டையாகத்தான் உரசுகிறது, விளிம்பு வரைக்கும் போவதில்லை. ஆண்டுக்கணக்கில் உரசிய இடம் மட்டும் குழிந்து, உரசாத விளிம்பு மெல்லிய வரம்பாக நின்றுவிடும். இழுத்தால் அந்த வரம்பில் ஷூ மாட்டிக்கொள்ளும். டிரம்முக்குப் பின்னாலுள்ள பின்தகட்டின் துளை வழியாக, ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரைத் தளர்த்தி ஷூவை உள்ளே வாங்கவிட்டால் வழி கிடைக்கும். பல கார்களில் டிரம்மின் முகத்தில் மரை போட்ட இரண்டு துளைகள் காரணமே இல்லாததுபோல் இருக்கும். இரண்டிலும் பொருத்தமான போல்ட்டை மாற்றி மாற்றி முறுக்கினால் அவை பின்னாலுள்ள ஹப்பில் முட்டி, டிரம்மைத் தாமே வெளியே தள்ளும். சுத்தியலுக்கு வேலை வைக்காமல் கழற்றும் வழியைச் செய்தவரே டிரம்மில் வைத்து அனுப்பியிருக்கிறார். சில கார்களில் பேரிங்கும் டிரம்மோடு சேர்ந்தே இருக்கும். அங்கே நடு நட்டைக் கழற்றியாக வேண்டும்.

திறந்ததும் முதலில் கண்ணில் படுவது கரும்பழுப்புத் தூள். அதை வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாயும் வேண்டாம். கல்நார் என்ற ஆஸ்பெஸ்டாஸ் பல பத்தாண்டுகள் லைனிங்குகளின் உயிர்நாடியாக இருந்தது. வெப்பத்தைத் தாங்கும், விலை மலிவு, நுரையீரலுக்கோ எமன். இப்போது பல நாடுகள் அதை விலக்கிவிட்டன. நம் கையில் இருப்பது எந்தக் கலவை என்பது பெட்டியைப் பார்த்தால் எப்போதும் தெரிவதில்லை. சோப்புத் தண்ணீரிலோ பிரேக் கிளீனரிலோ நனைத்துத் துடைப்பதே புத்திசாலித்தனம்.

தூள் போனதும் இரண்டு பிறை வடிவ இரும்புகள் எதிரெதிராக நிற்பது தெரியும். அவைதான் ஷூக்கள். அவற்றின் முதுகில் ஒட்டியோ ரிவிட் அடித்தோ இருப்பது லைனிங். புதிதில் நான்கைந்து மில்லிமீட்டர் இருக்கும். ஒரு மில்லிமீட்டரை நெருங்கினாலே மாற்றிவிட வேண்டும். ரிவிட் அடித்ததென்றால் ரிவிட் தலை டிரம்மைத் தொடுவதற்கு வெகு முன்பே. 60,000 கிலோமீட்டரில் மூன்று மில்லிமீட்டர் தேய்கிறது என்று வைத்தால், ஆம்பூரிலிருந்து சென்னைக்கு நான்கு தடவை போய் வந்தால்தான் ஒரு தலைமுடியின் தடிமன் தேயும். அவ்வளவு கஞ்சத்தனமாகத் தன்னைக் கொடுத்து ஒரு டன் எடையை நிறுத்தும் பொருள் எது?

முதலில் தோல். தோல் பதனிடும் ஆம்பூரில் இதைச் சொல்வதில் தனிச் சுகம் உண்டு. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர மோட்டார் வண்டியை அவரிடம் சொல்லாமலே எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பினார். நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். இறக்கங்களில் மரக்கட்டை பிரேக் தேய்ந்துகொண்டே வந்தது. வழியில் பௌஷ்லோட் என்ற ஊரில் செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் நிறுத்தி, அந்தக் கட்டைகள்மேல் தோலை வைத்து அடித்து வாங்கினார். மோட்டார் வண்டியின் முதல் பிரேக் லைனிங் அதுதான் என்கிறார்கள். இங்கிலாந்தின் டெர்பிஷயர் மேடுகளிலும் குதிரை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் பழைய பூட்ஸைப் பிரேக் கட்டையில் வைத்துச் சமாளித்தார்கள். அதைக் கவனித்த ஹெர்பர்ட் ஃப்ரூட் 1897-ல் இன்னும் நல்ல பட்டைகள் செய்ய இறங்கினார். இன்றும் கடைகளில் கிடைக்கும் ஃபெரோடோ பிரேக் லைனிங்கின் தொடக்கம் அது.

தோல் ஏன் நீடிக்கவில்லை என்பதை டேனரியில் வேலை செய்கிறவர் யாரிடம் கேட்டாலும் சொல்லிவிடுவார். குரோம் போட்டுப் பதனிட்ட வெட் ப்ளூ தோலில் பதம் சரியாக இறங்கியிருக்கிறதா என்று பார்க்க, ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போடுவார்கள். சுருங்காமல் வெளியே வந்தால் தேறிவிட்டது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பழைய முறையில் பதனிட்ட தோலோ அதே தண்ணீரில் சுருண்டுவிடும். தோலின் நார்கள் வெப்பத்தில் தளர்ந்து சுருங்குவதுதான் விஷயம். கொதிநீரின் 100 டிகிரியே இவ்வளவு பெரிய பரீட்சை என்றால், மலை இறக்கத்தில் டிரம்மின் உட்புறம் 200 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். காய்ந்த தோல் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும் என்றாலும் அந்தச் சூட்டில் கருகத்தான் செய்யும். மாட்டு வண்டி வேகத்துக்குத் தோல் போதும், மோட்டார் வேகத்துக்குப் போதாது.

இன்றைய லைனிங் ஒரே பொருளல்ல, கலவை. சூட்டில் இறுகும் பிசின் எல்லாவற்றையும் பிடித்து வைக்கிறது. நார்கள் உடையாமல் காக்கின்றன. உலோகத் துகள்கள் வெப்பத்தைக் கடத்துகின்றன. கிராஃபைட் வழுக்கலைக் கொடுக்கிறது, கடினமான கனிமத் துகள்கள் பிடிப்பைக் கொடுக்கின்றன. வழுக்கலும் பிடிப்பும் ஒரே கலவையில் எதற்கு? பிடிப்பு மட்டும் இருந்தால் டிரம்மைத் தின்றுவிடும், வழுக்கல் மட்டும் இருந்தால் வண்டி நிற்காது. இரண்டுக்கும் நடுவே, பச்சைத் தண்ணீர் பட்டாலும் 250 டிகிரி சூடானாலும் ஏறக்குறைய ஒரே அளவாக உரச வேண்டும்.

அந்தக் கலவையில் நம் ஊர்க்காரர்கள் எதிர்பார்க்காத ஒரு சரக்கு உண்டு: முந்திரி. பருப்பு அல்ல, ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிறவர்களின் விரல்களைப் புண்ணாக்குகிற அதே எண்ணெய்தான். அதை வேதிமுறையில் கெட்டிப்படுத்தி அரைத்தால் கிடைப்பதற்கு உராய்வுத் தூள் என்று பெயர். உலகம் முழுக்க பிரேக் லைனிங் செய்கிறவர்கள் அதைச் சேர்க்கிறார்கள். அது சற்று நெகிழ்வானது. ஆகவே கீச்சென்ற சத்தத்தை அடக்குகிறது, சூடு ஏறும்போதும் உராய்வு தாறுமாறாகப் போகாமல் பார்த்துக்கொள்கிறது. மாட்டுத்தோல் தோற்ற இடத்தில் முந்திரி ஓடு நின்றது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் பொய் இல்லை.

இந்தத் தொழிலுக்கு நாம் தூரத்து உறவும் இல்லை. 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவும், பின்னால் வந்த சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் சென்னை பாடியில் வேரூன்றியவை. சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 2001-லும் ரானே பிரேக் லைனிங் 2003-லும் தர நிர்வாகத்துக்காக ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றன. பிரேக்ஸ் இந்தியாவின் இரும்பு வார்ப்பாலை ராணிப்பேட்டை மாவட்டத்துச் சோளிங்கரில் இருக்கிறது.

இனி நடுவில் இருக்கும் தந்திரத்துக்கு வருவோம். இரண்டு ஷூக்களும் பார்வைக்கு இரட்டைப் பிறவிகள். பழைய ஜோடியைக் கழற்றி அருகருகே வைத்தால் முன்பக்க ஷூ பின்பக்க ஷூவைவிடத் தெளிவாக அதிகம் தேய்ந்திருக்கும். இரண்டையும் தள்ளுவது ஒரே சிலிண்டர், ஒரே எண்ணெய் அழுத்தம். அப்படியிருக்க ஏன் இந்த ஓரவஞ்சனை?

மேலே சிலிண்டர், கீழே இரண்டு ஷூக்களும் ஊன்றி நிற்கும் முட்டு. மிதியை மிதித்தால் சிலிண்டர் இரண்டு ஷூக்களின் மேல்முனைகளையும் வெளியே தள்ளுகிறது. வண்டி முன்னே போகும்போது டிரம்மின் மேல்பக்கம் முன்னோக்கிப் போய், முன்புறமாகக் கீழே இறங்குகிறது. ஆகவே முன்பக்க ஷூ டிரம்மைத் தொட்ட நொடியில் டிரம் அதைக் கீழ்நோக்கி, முட்டை நோக்கி இழுக்கிறது. முட்டு அசையாது. இழுக்கப்படும் ஷூவுக்கு வெளிப்புறமாகச் சாய்ந்து டிரம்மில் மேலும் அழுந்துவதைத் தவிர வேறு வழியில்லை. அழுந்தினால் உராய்வு கூடும். உராய்வு கூடினால் இழுப்பு கூடும். இழுப்பு கூடினால் இன்னும் அழுந்தும். நிறுத்த வேண்டிய சக்கரத்தின் சுழற்சியையே பிடித்து, அதை நிறுத்துவதற்கான பலமாக மாற்றிவிடுகிறது இந்த ஷூ. பொறியாளர்கள் இதைத் தன்னூக்கம் என்கிறார்கள். பிரேக் தன்னைத்தானே ஊக்கிக்கொள்வது. பின்பக்க ஷூவில் நடப்பது நேர் எதிர். அங்கே டிரம் மேல்நோக்கிப் போகிறது. ஷூவை டிரம்மிலிருந்து விலக்கித் தள்ளப் பார்க்கிறது. அதனால் முன்பக்க ஷூ பின்பக்கத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு வேலை செய்கிறது. இரண்டையும் கூட்டிப் பார்த்தால், அதே தள்ளுவிசையில் டிஸ்க் பிரேக் தருவதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான பிடிப்பு கிடைக்கிறது. ரிவர்ஸ் எடுக்கும்போது இருவரும் வேலையை மாற்றிக்கொள்வார்கள்.

இதில் ஒரு கத்திமுனை உண்டு. உராய்வு ஓர் அளவைத் தாண்டினால் ஷூ தானாகவே இறுகி, மிதியிலிருந்து காலை எடுத்தாலும் விடாது. சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஷூவின் நீளம், முட்டு இருக்கும் இடம், லைனிங்கின் உராய்வு மூன்றையும் பார்த்துப் பார்த்து அந்த எல்லைக்கு இந்தப் பக்கமே நிறுத்தி வைப்பதுதான் வடிவமைப்பாளரின் சாமர்த்தியம். லைனிங்கில் கிரீஸ் விரல் படக்கூடாது என்று மெக்கானிக்குகள் கத்துவது இதனால்தான். உராய்வில் வரும் சின்ன வித்தியாசத்தைத் தன்னூக்கம் பெரிதாக்கிக் காட்டும்; ஒரு பக்கம் இழுக்கும், மறு பக்கம் வழுக்கும். ஷூவை இடது வலது இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுவதும் இதே காரணத்தால்தான்.

ஆனால் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிரிக்கக் கூடாது. ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் என்ற சந்தேகம் கட்டாயம் வரும்; பிரிக்காத பக்கம்தான் அப்போது பாடப்புத்தகம். அங்கே எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாக இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளலாம்.

ஷூவைப் பின்தகட்டோடு பிடித்து வைத்திருப்பது ஒரு மெல்லிய ஆணி. தகட்டின் பின்னாலிருந்து புறப்பட்டு ஷூவின் துளை வழியாக வெளியே வந்து, ஒரு ஸ்பிரிங்கின் நடுவேயும் கிண்ணம் போன்ற மூடியின் நடுவேயும் நுழைந்து நிற்கும். அதன் நுனி தட்டை. மூடியில் இருக்கும் துளை ஒரு கோடு. நுனி கோட்டுக்குக் குறுக்கே நிற்கும்வரை எதுவும் கழலாது. ஒரு விரலால் பின்னாலிருந்து ஆணியைத் தாங்கிக்கொண்டு, பிளையரால் மூடியை அழுத்திக் கால் சுற்று திருப்பினால் நுனியும் கோடும் ஒன்றாகி, மொத்தமும் கையில் வந்து விழும். மரை இல்லை, நட் இல்லை, அதிர்வில் தளர்வதற்கு ஒன்றுமே இல்லை. பெரிய ஸ்பிரிங்குகள் வேறு குணம். ஷூவை டிரம்மிலிருந்து பின்வாங்க வைப்பவை அவை. கழற்றும்போது துள்ளினால் கண்ணுக்குப் போகும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

ஷூ தேயத் தேய டிரம்முக்கும் அதற்கும் இடைவெளி கூட வேண்டும், மிதி ஆழமாகப் போக வேண்டும். பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடியும் மிதி அதே உயரத்தில் பிடிக்கிறதே, எப்படி? இரண்டு ஷூக்களுக்கும் நடுவே குறுக்காக ஒரு தண்டு இருக்கும். தொடக்கத்தில் தளர்த்திய அட்ஜஸ்டர் இதுதான். பல கார்களில் அதில் பற்கள் கொண்ட ஒரு சின்னச் சக்கரம், பக்கத்தில் ஒரு நெம்பி. ஷூ நகரும் தூரம் இயல்பான அளவுக்குள் இருந்தால் நெம்பி அடுத்த பல்லை எட்டாது. தேய்மானத்தால் தூரம் கூடிய நாளில் எட்டிப் பிடித்து ஒரு பல் தள்ளும். தண்டு அந்த அளவு நீளும். மரையின் இடைவெளி ஒரு மில்லிமீட்டர், பற்கள் இருபது என்று வைத்தால் ஒரு பல்லுக்கு 0.05 மில்லிமீட்டர். மின்சாரம் இல்லாமல், சிப் இல்லாமல், அளந்து முடிவெடுத்துத் திருத்திக்கொள்கிற கருவி இது. சூட்டில் டிரம் விரிந்திருக்கும்போது இது ஏமாந்து அதிகமாக நீண்டுவிட்டால், ஆறிய பிறகு பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கும் அல்லவா? அதற்கும் யோசித்திருக்கிறார்கள். சில வடிவமைப்புகளில் இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு துண்டுத் தகடு இருக்கும். சூடானால் அது வளைந்து, நீள்வதைத் தடுத்துவிடும். இந்தத் தண்டின் மரை பொதுவாக இடது சக்கரத்துக்கு ஒரு திசை, வலது சக்கரத்துக்கு எதிர்த்திசை. மாற்றிப் போட்டால் பிரேக் தன்னை இறுக்கிக்கொள்வதற்குப் பதில் தளர்த்திக்கொண்டே போகும். ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போ என்பதற்கு இது இன்னொரு காரணம்.

அதே குறுக்குத் தண்டு ஹேண்ட் பிரேக்குக்கும் உழைக்கிறது. கேபிள் இழுப்பது பின்பக்க ஷூவில் தொங்கும் ஒரு நெம்புகோலை மட்டுமே. நெம்புகோல் தண்டைத் தள்ள, தண்டு முன்பக்க ஷூவைத் தள்ளுகிறது. அதன் எதிர்விசை பின்பக்க ஷூவை வெளியே உதைக்கிறது. ஒரு கம்பி, இரண்டு ஷூ, ஒரு சொட்டு எண்ணெய் வேண்டாம். பிரேக் ஆயில் முழுக்கக் கசிந்துபோனாலும் வேலை செய்கிற தனிவழி.

மேலே இருக்கும் வீல் சிலிண்டரை, அதன் ரப்பர் மூடியின் விளிம்பை லேசாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் ஷூவோடு அதையும் மாற்றுவது நல்லது, கசிகிற எண்ணெய் புது லைனிங்கையும் கெடுத்துவிடும். டிரம் கழன்றிருக்கும்போது யாரும் மிதியை மிதிக்கக் கூடாது. சிலிண்டரின் பிஸ்டன்கள் வெளியே வந்துவிடும். அந்த எண்ணெய்க்கும் ஒரு பலவீனம் உண்டு. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 எண்ணெய் 205 டிகிரிக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும் என்பது விதி. மூன்றே முக்கால் சதவீதத்துக்கு நெருக்கமாகத் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடும். கொதித்தால் ஆவி, ஆவி அமுங்கும், மிதி காலடியில் பஞ்சாகிவிடும்.

மலை இறக்கத்தில் டிரம்முக்கென்றே இன்னொரு சோதனை காத்திருக்கிறது. 180 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்பு டிரம் 200 டிகிரி கூடுதலாகச் சூடானால் 0.4 மில்லிமீட்டர் விரியும். விரிவதோ ஷூவை விட்டு வெளிப்பக்கமாக. டிஸ்க் சூடானால் பட்டையை நோக்கிப் பருக்கும். டிரம் சூடானால் விலகி ஓடும். மூடிய பெட்டி என்பதால் ஆறுவதற்கும் நேரமாகும். முன்சக்கரங்களில் டிஸ்க் வந்ததற்கு இதுவே பெரிய காரணம்: பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னே சாய்வதால் வேலையில் பெரும்பங்கு அங்கேதான். பின்னால் வேலை குறைவு, ஆகவே டிரம் பிழைத்தது.

பிழைத்தது மட்டுமல்ல, திரும்பியும் வருகிறது. ஃபோக்ஸ்வேகன் தன் ஐடி.3, ஐடி.4 மின்சாரக் கார்களின் பின்சக்கரங்களில் டிரம்மையே வைத்தது. மின்சாரக் காரில் வேகத்தைக் குறைக்கும் வேலையைப் பெரும்பாலும் மோட்டாரே, பேட்டரியை நிரப்பிக்கொண்டு, செய்துவிடுகிறது. அதிகம் உபயோகமில்லாத டிஸ்க் மழையில் நனைந்து துருப்பிடிக்கும். டிரம் மூடிக் கிடப்பதால் தப்பும். பிரேக் தூளுக்கும் வரம்பு விதிக்கும் ஐரோப்பாவின் யூரோ 7 விதிகள் 2024-ல் நிறைவேறின. தூளைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் டிரம்முக்கு அதனாலும் மவுசு.

திரும்ப மாட்டும்போது பின்தகட்டில் மேடு தட்டிய சில சின்னத் திட்டுகளைக் கவனியுங்கள். ஷூவின் ஓரம் அவற்றின் மேல்தான் வழுக்கிப் போகிறது. சூடு தாங்கும் கிரீஸ் ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு. அதற்கு மேல் வேண்டாம். டிரம்மின் மேல் வார்த்திருக்கும் அதிகபட்ச விட்டத்தைப் படித்து, அளந்து பாருங்கள். அதைத் தாண்டியிருந்தால் லேத்தில் கடைவதில் பயனில்லை, புது டிரம்தான். டிரம்மை மாட்டிக் கையால் சுற்றினால் லேசாக உரசும் சத்தம் மட்டும் கேட்க வேண்டும். வண்டியை நகர்த்துவதற்கு முன் மிதியைப் பல தடவை மிதித்து அது கெட்டியாவதை உறுதி செய்யுங்கள். முதல் மிதி தரை வரைக்கும் போனால் ஆச்சரியமில்லை, ஷூக்கள் இன்னும் தங்கள் இடத்துக்கு வரவில்லை. ஏதாவது ஒரு ஸ்பிரிங் மிச்சமிருந்தாலோ, மாட்டியதில் சந்தேகம் இருந்தாலோ, தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டாமல் சாலையில் இறங்க வேண்டாம்.

புது ஷூ உடனே முழுப் பலத்தோடு பிடிக்காது. பழைய டிரம் தேய்ந்து மில்லிமீட்டரில் பத்தில் ஓரிரு பங்கு அகன்றிருக்கும். புது லைனிங்கின் வளைவு அதற்குச் சற்றே சிறியது. ஆகவே முதலில் நடுப்பகுதி மட்டும் தொடும், இரண்டு முனைகளும் அந்தரத்தில் நிற்கும். சில நூறு கிலோமீட்டர் மிதமாகப் பிடித்து ஓட்டும்போது தொட்ட இடம் தேய்ந்து, தொடாத இடம் மெல்ல மெல்ல டிரம்மை எட்டும். கூடவே லைனிங்கிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் இரும்பின்மேல் பூசிக்கொள்ளும். அதன் பிறகு உரசிக்கொள்வது லைனிங்கும் இரும்பும் அல்ல. லைனிங்கும் அதன் சொந்தப் படலமும்தான். பிரேக் பதம் பிடித்துவிட்டது என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். ஏலகிரிக்குப் போவதை அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்.